படகு லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?
வேகம், எரிபொருள், விகிதம்: கணக்கும் அறிவியலும் சேரும் ஒரு பாடம்

"வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் பைக் வாங்குவதில்லை. ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் இதன் பொருள் தெரியும். ஐம்பது, அறுபது என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவான். இதே கேள்வியைப் படகைப் பற்றிக் கேட்டால் ஒரே எண்ணில் விடை சொல்ல முடியாது. "எந்த வேகத்தில்?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பைக்கிலும் வேகத்துக்கு ஏற்ப மைலேஜ் மாறும் என்றாலும், படகில் மாறும் அளவே வேறு. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே டீசல் கணக்கு எங்கோ போய்விடும்.

கடலே இல்லாத ஈரோடு மாவட்டத்தில் படகைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். காரணம் கணக்குப் பாடத்தில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் நேர் விகிதம், எதிர் விகிதம் நடத்துகிறோம். 5 பேனா 50 ரூபாய் என்றால் 10 பேனா 100 ரூபாய். மாணவர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் அதே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். சதுரத்தின் பக்கம் இரு மடங்கானால் பரப்பும் இரு மடங்கு என்று எழுதும் பத்தாம் வகுப்பு மாணவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். "இரண்டு மடங்கானால் இரண்டு மடங்கு" என்ற இந்தப் பிடியைத் தளர்த்த, நான் கண்டவரையில் படகைப் போல உதவும் எடுத்துக்காட்டு வேறில்லை.

தரையும் நீரும்

சமதளச் சாலையில் மெதுவாகப் போகும் சைக்கிளுக்கு முக்கியத் தடை, டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உருளும் உராய்வு. இது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. வேகம் கூடும்போதுதான் காற்றின் தடை பெரிதாகிறது.

படகுக்கு உருளச் சக்கரம் இல்லை. அது நீரை விலக்கிக்கொண்டே போக வேண்டும். நீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு. ஆகவே பைக்கில் அறுபதில் போகும்போது நாம் உணரும் எதிர்ப்பைப் படகு மிகக் குறைந்த வேகத்திலேயே சந்திக்கிறது.

மாணவர்களைக் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் ஒரு மாணவன் கேட்டான்: "ஏனுங்க சார், இஞ்சின் இவ்வளவு சத்தம் போடுது, நம்ம வண்டி வேகம்கூட வர மாட்டேங்குதே?" பாறை கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவுதான். அதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடை அல்ல அது. ஊருக்குத் திரும்பிய பிறகு கரும்பலகையில்தான் பதில் சொல்ல முடிந்தது.

வர்க்கமும் கனமும்

மூன்று படிகளில் விளக்கலாம்.

முதல் படி: நீரின் தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் 2 மடங்கானால் தடை 4 மடங்கு. இதற்குக் காரணத்தையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடலாம். வேகம் இரட்டிப்பானால் ஒரு நொடியில் விலக்க வேண்டிய நீரின் அளவு இரட்டிப்பு. அந்த நீருக்குக் கொடுக்கும் வேகமும் இரட்டிப்பு. இரண்டும் பெருகி நான்காகிறது.

இரண்டாம் படி: திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. தடை 4 மடங்கு, வேகம் 2 மடங்கு; எனவே இஞ்சின் தர வேண்டிய திறன் 8 மடங்கு. அதாவது வேகத்தின் கனம். ஒரு மணி நேரத்துக்கு ஆகும் டீசலும் ஏறத்தாழ இதே கணக்கில் கூடும்.

மூன்றாம் படி: வேகம் கூடினால் பயண நேரம் குறையும். இரு மடங்கு வேகத்தில் பாதி நேரம். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் டீசல் 8-இல் பாதி, 4 மடங்கு. இது வேகத்தின் வர்க்கம்.

ஒரே பயணத்தில் நேரத்துக்கு எதிர் விகிதம், தடைக்கு வர்க்கம், திறனுக்குக் கனம் என்று மூன்று உறவுகள் வந்துவிடுகின்றன. எண்களைப் போட்டால் இன்னும் தெளிவாகும். கணக்குக்காக ஒரு படகை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது மணிக்கு 4 லிட்டர் டீசல் குடிக்கிறது. போக வேண்டிய தூரம் 20 கி.மீ.

மணிக்கு 8 கி.மீ.: பயண நேரம் 2 மணி 30 நிமிடம், மொத்த டீசல் 5.1 லிட்டர்.
மணிக்கு 10 கி.மீ.: பயண நேரம் 2 மணி, மொத்த டீசல் 8 லிட்டர்.
மணிக்கு 12 கி.மீ.: பயண நேரம் 1 மணி 40 நிமிடம், மொத்த டீசல் 11.5 லிட்டர்.

பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் மிச்சமாவது 20 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை மூன்றரை லிட்டர். பத்திலிருந்து எட்டுக்கு இறங்கினால் அரை மணி நேரம் கூடுகிறது. ஏறத்தாழ 3 லிட்டர் மிச்சம். இந்தப் பட்டியலை மாணவர்களையே போடச் சொல்ல வேண்டும். 1.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.728 வருவதைக் கண்ணால் பார்க்கும்போது, "இருபது சதவீதம்தானே" என்ற எண்ணம் தானாக விலகுகிறது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லலாம். மிகக் குறைந்த வேகத்தில் இந்தக் கணக்கு அப்படியே நடக்காது. எந்த இஞ்சினும் சும்மா ஓடிக்கொண்டிருக்கவே கொஞ்சம் டீசல் வேண்டும். விதி எதுவரை செல்லும் என்று சொல்லிக்கொடுப்பதும் அறிவியல் பாடத்தின் ஒரு பகுதிதான்.

தன் அலையைத் தானே ஏறும் படகு

வர்க்கக் கணக்கும் ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. அங்கே தடை அதைவிட வேகமாக ஏறத் தொடங்கும். காரணம் அலை.

படகு போகும்போது முகப்பில் ஓர் அலை எழும்புகிறது. படகின் வேகம் கூடக்கூட இந்த அலையின் நீளமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அலைநீளமும் படகின் நீளமும் சமமாகிவிடும். அப்போது முகப்பில் ஒரு முகடு, பின்புறத்தில் அடுத்த முகடு. இன்னும் வேகம் கூட்டினால் பின் முகடு படகைவிட்டுப் பின்னால் நழுவுகிறது. பின்புறம் பள்ளத்தில் இறங்க, முகப்பு மேலே தூக்கிக்கொள்கிறது. தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற முயலும் நிலை. இஞ்சின் உறுமும், டீசல் போகும், வேகம் மட்டும் கூடாது.

இந்த எல்லை வேகத்துக்கு எளிய சூத்திரம் உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று கிடைக்கும். 4 மீட்டர் படகுக்கு 9. 9 மீட்டருக்கு 13.5, 16 மீட்டருக்கு 18, 25 மீட்டருக்கு 22.5. வர்க்கமூலம் நடத்தும்போது இதைவிட நல்ல வாய்வழிக் கணக்கு வேண்டுமா? நீளமான கப்பல்கள் ஏன் வேகமாகப் போக முடிகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. கப்பலின் வேகத்தை 'நாட்' என்ற அலகில் சொல்கிறோம். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

அப்படியென்றால் விரைவுப் படகுகள் எப்படிப் பறக்கின்றன? எடை குறைவு, அடிப்பகுதி தட்டை, இஞ்சின் பெரிது. அவை அலை மேட்டைத் தாண்டி நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்கின்றன. அறைகளோடு கட்டப்படும் மோட்டார் உல்லாசப் படகுகள் பல இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில், முகப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். லிட்டருக்கு மிகக் குறைவான தூரம் தரும் நிலை பெரும்பாலும் அதுதான். இன்னொரு வழி, படகின் உடலை ஒல்லியாக்கிவிடுவது. ஒல்லியான உடல் சிறிய அலையையே எழுப்பும். ஒல்லியான இரு உடல்களை இணைத்துச் செய்யும் படகை உலகம் முழுவதும் 'கேட்டமரான்' என்கிறார்கள். அது நம் கட்டுமரம் என்ற சொல்தான். நம் மீனவர்களின் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது, இரட்டை உடல் படகு அல்ல. பெயர் மட்டும் பயணம் போயிருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம்.

இந்த அலைத் தடையை முறையாக ஆராய்ந்தவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1872-இல் டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிப் படகுகளை இழுத்துத் தடையை அளந்தார். மாதிரியில் கண்டதிலிருந்து பெரிய கப்பலின் தடையைக் கணிக்க முடியும் என்று காட்டினார். இன்று சென்னை ஐஐடியின் பெருங்கடல் பொறியியல் துறையிலும், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய இழுவைத் தொட்டிகள் இருக்கின்றன. விசாகப்பட்டினத் தொட்டியின் நீளம் அரை கிலோமீட்டர்.

ஆற்றை எதிர்த்துப் போகும்போது

"அப்படியானால் மெதுவாகப் போவதே நல்லதா சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அங்கேதான் பாடம் சுவையாகிறது.

மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஓடும் ஆற்றை எதிர்த்து ஒரு படகு போகிறது. நீரைப் பொறுத்து அதன் வேகம் 4 என்றால் கரையைப் பொறுத்து அது நின்ற இடத்திலேயே நிற்கும். எரிபொருள் தீரும், ஊர் வந்து சேராது. ஆகவே மிக மெதுவும் நட்டம், மிக வேகமும் நட்டம். நடுவில் ஒரு நல்ல வேகம் இருக்க வேண்டும். படகின் வேகத்தின் கனத்தை, கரையைப் பொறுத்த வேகத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருளின் ஒப்பீட்டு எண் கிடைக்கும்.

வேகம் 5: 125 ÷ 1 = 125
வேகம் 6: 216 ÷ 2 = 108
வேகம் 7: 343 ÷ 3 = 114.3
வேகம் 8: 512 ÷ 4 = 128

குறைந்த எண் 6-இல் வருகிறது. ஆற்றின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு. மேல்நிலை வகுப்பில் வகைநுண்கணிதம் நடத்தும் ஆசிரியர்கள் இதையே சிறும மதிப்புக் கணக்காகத் தரலாம். எட்டாம் வகுப்பு மாணவனுக்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

இன்னும் ஒரு படி போகலாம். ஆற்றின் வேகத்தை 2 என்று வைத்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். சிறந்த வேகம் 3, எண் 27. எதிர்நீரின் வேகம் பாதியானால் செலவு 108-லிருந்து 27-ஆக, நான்கில் ஒன்றாகக் குறைகிறது. கொடிவேரியிலும் ஒகேனக்கல்லிலும் பரிசல் பார்த்த மாணவர்கள் நம் வகுப்பில் இருப்பார்கள். நீரை எதிர்த்துப் போகும்போது கரையை ஒட்டிப் போவது ஏன் நல்லது என்று அவர்களிடம் கேளுங்கள். கரையோரம் நீரோட்டம் மெதுவாக இருக்கும். துடுப்புப் போடுபவர் கையால் உணர்ந்ததை நம் பட்டியல் எண்ணால் சொல்கிறது.

துறைமுகத்தில் இந்தக் கணக்கு

நமக்கு வகுப்பறைக் கணக்கு. கடற்கரையில் இது சாப்பாட்டுக் கணக்கு. விசைப்படகு கடலுக்குப் போனால் பெருஞ்செலவு டீசல்தான். அதனால்தான் தமிழ்நாடு அரசு மீனவர்களுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் வழங்குகிறது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போக வர டீசல் எரிந்தே தீரும். அதே நேரம், மாலையில் முந்திக் கரை சேர்ந்தால் ஏலத்தில் நல்ல விலை கிடைக்கக்கூடும். எந்த வேகத்தில் திரும்புவது என்பது டீசலையும் மீன் விலையையும் மனத்தில் நிறுத்தி எடுக்கும் முடிவு. "மெதுவாகப் போ" என்று கரையிலிருந்து அறிவுரை சொல்வது எளிது. எவ்வளவு மெதுவாகப் போனால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவதே பயன்.

வேகத்தைத் தொடாமலே டீசலை மிச்சப்படுத்தும் வழியும் உண்டு. படகின் அடியில் பாசியும் சிப்பி போன்ற உயிரிகளும் ஒட்டினால் மேற்பரப்பு சொரசொரப்பாகி உராய்வு கூடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசுவதைப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு உராய்வுப் பாடத்துக்கு நேரடி எடுத்துக்காட்டு இது.

பெரிய கப்பல்களும் இந்தக் கணக்குக்குப் பணிந்தவையே. 2007-2008-இல் எரிபொருள் விலை ஏறியபோது, 24, 25 நாட் வேகத்தில் ஓடிய சரக்குப் பெட்டகக் கப்பல்களை நிறுவனங்கள் 20 நாட்டுக்கும் கீழே ஓட்டத் தொடங்கின. 25-லிருந்து 20 என்பது ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் 0.8-இன் கனம் 0.512, திறன் தேவை பாதியாகிவிடுகிறது. திருப்பூர்ப் பனியன்கள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடக்கின்றன. கப்பல் மெதுவானால் சரக்கு சேரும் நாள் தள்ளிப்போகும். ஆக, இது நம் ஊர்க் கணக்கும்தான்.

வைக்கத்தில் ஒரு சூரியப் படகு

வேகத்தைக் குறைத்தால் டீசல் குறையும் என்பதோடு நிற்காமல், டீசலே இல்லாமலும் ஓட்டலாம் என்று காட்டிய படகு கேரளத்தில் ஓடுகிறது. ஈரோட்டுப் பெரியார் போராடிய அதே வைக்கத்திலிருந்து, வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணைக்கடவுக்குப் போகும் 'ஆதித்யா'. 2017 ஜனவரியில் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை இதை ஓட்டத் தொடங்கியது. 75 பேர் உட்காரலாம். நீளம் 20 மீட்டர். ஒல்லியான இரட்டை உடல். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள். 20 கிலோவாட் என்பது ஏறத்தாழ 27 குதிரைத்திறன். நம் வயலில் உழும் 45 குதிரைத்திறன் டிராக்டரைவிடக் குறைவு. அதை வைத்து 75 பேரைச் சுமக்க முடிவது எப்படி?

நம் சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் நீளத்துக்கு எல்லை வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. ஆதித்யா வழக்கமாக ஓடும் வேகம் சுமார் 5.5 நாட்; அதாவது மணிக்குச் சுமார் 10 கி.மீ. எல்லையில் பாதி! இதே படகை 20 கி.மீ. வேகத்தில் ஓட்ட நினைத்தால் 8 மடங்கு திறன் வேண்டும். கூரையையும் 8 மடங்கு ஆக்க வேண்டும், முடியாது. சூரியத் தகடும் மின்கலமும் இந்தப் படகில் பாதி வேலைதான் செய்கின்றன. மீதி வேலையை அடக்கமான வேகமும் ஒல்லியான உடலும் செய்கின்றன.

பள்ளித் தொட்டியில் ஒரு சோதனை

ஃபுரூட் செய்ததன் சின்ன வடிவத்தைப் பள்ளியிலேயே செய்யலாம். வாய்க்காலுக்கோ ஆற்றுக்கோ மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். ஓடும் நீர் ஆபத்து, அளவும் சரியாக வராது. தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரமுள்ள சிமெண்டுத் தொட்டி போதும்.

16 செ.மீ. நீளத்தில் தெர்மாகோல் படகு ஒன்று செய்யுங்கள். முகப்பைக் கூராக்குங்கள். நேராகப் போக, அடியில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செங்குத்தாகச் செருகுங்கள். முகப்பில் நூல் கட்டி, தொட்டி விளிம்பில் பொருத்திய பொம்மைக் கார் சக்கரத்தின் மேல் போட்டு, வெளியே தொங்கும் முனையில் சிறிய வாஷர் ஒன்றைக் கட்டுங்கள். வாஷர் இறங்க இறங்கப் படகு நகரும். தொடக்கத்தில் வேகம் கூடிக்கொண்டு போகும் என்பதால் கடைசி 25 செ.மீ. கடக்கும் நேரத்தை மட்டும் கைப்பேசிக் காணொளியில் பார்த்துக் குறியுங்கள். பிறகு 2 வாஷர், 4 வாஷர். ஒவ்வொரு முறையும் நீர் அசைவு அடங்கும்வரை காத்திருங்கள்.

தொடங்குவதற்கு முன் மாணவர்கள் தங்கள் கணிப்பை எழுத வேண்டும். "2 வாஷருக்கு 2 மடங்கு வேகம்" என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். எங்கள் பள்ளியில் செய்தபோது, வேகம் இரு மடங்கை ஒட்டி வர 4 வாஷர் தேவைப்பட்டது. துல்லியமாக இரண்டு வராது. சக்கரத்தின் உராய்வும் படகின் சின்ன அளவும் விலகலைத் தரும். அந்த விலகலுக்குக் காரணம் தேடுவதும் பாடம்தான். இன்னும் வாஷர்களைச் சேர்த்து நொடிக்கு அரை மீட்டர் வேகத்தை நெருங்கினால், முகப்பில் அலை எழும்பிப் படகு தூக்கிக்கொள்வதைக் காணலாம். 16 செ.மீ. படகுக்குச் சூத்திரம் சொல்லும் எல்லையும் அதுவே.

எந்த வகுப்பில் எதை?

தொடக்க வகுப்புகளில் கூர் முகப்புப் படகையும் சதுர முகப்புச் சோப்புப் பெட்டியையும் ஒரே வாஷரால் இழுத்து, எது முந்துகிறது என்று பார்த்தால் போதும். ஏழாம், எட்டாம் வகுப்புகளில் 20 கி.மீ. பயணப் பட்டியலும் ஆற்றுப் பட்டியலும். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடத்தோடு தொட்டிச் சோதனையைச் சேர்க்கலாம். பத்தாம் வகுப்பில் வேகத்துக்கும் எரிபொருளுக்கும் வரைபடம் வரையச் சொல்லலாம். நேர்க்கோடு வராமல் வளைந்து மேலேறும் கோட்டை அவர்கள் கையே வரைந்த பிறகு நாம் விளக்க வேண்டியது குறைவு.

இந்தப் பாடம் முடியும்போது மாணவர் மனத்தில் சூத்திரம் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. ஒன்று இரு மடங்கானால் மற்றொன்று எத்தனை மடங்காகும் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் நின்றால் போதும். கடன் வட்டி, குழாயின் விட்டம், வண்டியின் வேகத்துக்கும் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்துக்கும் உள்ள உறவு என எல்லா இடத்திலும் அந்தக் கேள்வி அவர்களுக்குத் தேவைப்படும். கடைசியாகச் சொன்னது அவர்கள் உயிரோடு தொடர்புடையது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. படகில் கற்ற வர்க்கத்தைப் பதினெட்டு வயதில் பைக் சாவியைக் கையில் வாங்கும்போது அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.